முசாவோ டெசிரா கைன்சா கையெழுத்திடாத சீரம்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் நிலையத்தின் இயக்குநர் டாக்டர் செருங்குமா அவர்களே, ஜெபம் செய்து கூட்டத்தைத் தொடங்கிவைத்த ஆர்ச்டீக்கன் ஐயா அவர்களே, முன்வரிசையில் கறுப்புத் துணி சுற்றி அமர்ந்திருக்கும் கைன்சாவின் மகள் முடோன்யியே, குடும்பத்தாரே, முப்பத்தாறு ஆய்வகங்களிலிருந்து பஸ் பிடித்தும் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டும் மலையிறங்கி இந்த எம்பாலே நகருக்கு வந்திருக்கும் தோழர்களே, எல்லோருக்கும் இந்தக் கிழவன் வந்தேபாவின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அச்சடித்த தாளில் என் பெயர் கடைசியில் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் "உதவியாளர்" என்று போட்டிருக்கிறது. முப்பத்தோரு ஆண்டுகள் நான் அந்த ஆய்வகத்தில் வேலை செய்திருக்கிறேன். கண்ணாடிக் குழாய் கழுவத்தான் உள்ளே போனேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே துண்டுத்தாள், அதை எழுத்துக்கூட்டிப் படித்தே இந்தத் தொழிலைக் கற்றேன். இன்னும் உதவியாளர்! சரி, அந்த வழக்கு இன்றைக்கு வேண்டாம். ஆனால் ஐந்து நிமிடத்தில் என்னால் முடிக்க முடியாது. ஆர்ச்டீக்கன் ஐயா இருபது நிமிடம் ஜெபித்தார். ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை.

நாம் முசாவோ, வைத்தியரம்மா, என்று கூப்பிட்ட டெசிரா கைன்சா போய்விட்டார். ஒன்பது நாள் ஆகிறது. இங்கே பேசியவர்கள் எல்லோரும் அவரை மென்மையானவர் என்றார்கள், பொறுமையானவர் என்றார்கள். நான் கேட்கிறேன், நீங்கள் எந்தக் கைன்சாவைச் சொல்கிறீர்கள்? பதினேழு ஆண்டுகள் ஒரே அறையில் அவரோடு சண்டை போட்டவன் நான். அவர் மென்மையானவர் அல்ல! ஒரு பை சீரத்தைப் பார்த்து "இது வேண்டாம்" என்று அவர் சொல்லிவிட்டால், அமைச்சர் வந்து கேட்டாலும் அது வேண்டாம்தான்.

குடும்பத்தாரில் பலருக்கு அவர் என்ன வேலை செய்தார் என்றே தெரியாது. நேற்று அவருடைய மாமா என்னிடம் கேட்டார், "எங்க பொண்ணு அங்க ரத்தம் டெஸ்ட் பண்ணுவாளா?" என்று. இல்லை ஐயா. ரத்தம் பரிசோதிக்கிற மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீர், வேண்டும். அதில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். காலையில் முதல் நோயாளிக்கு முன்னால் அதை மெஷினில் ஓட்டுவார்கள். தெரிந்த விடை வந்தால் கதவைத் திறக்கலாம். வராவிட்டால் அன்றைக்கு யாருக்கும் முடிவு சொல்லக் கூடாது. அதற்குப் பெயர் கண்ட்ரோல். அந்தக் கண்ட்ரோலைச் செய்தவர் உங்கள் பெண். அதைச் செய்ய மனிதருடைய ரத்தம் வேண்டும். யாருடைய ரத்தம், எந்த நாள் ரத்தம், எது ஆகும், எது ஆகாது என்று தேர்ந்தெடுத்தவர் உங்கள் பெண். வேலையில் கடினமான பகுதி அதுதான். பொறுக்கும்போது தப்பினால் பிறகு எந்த மெஷினாலும் அதைத் திருத்த முடியாது.

எப்படிப் பொறுக்குவார்? கொஞ்சம் சீரத்தைக் குழாயில் எடுத்து, அதற்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடிப்பார். குழாய் வழியாக எழுத்தைப் படிக்க முடிந்தால் வைத்துக்கொள்வார். பால்போல மங்கியிருந்தால், பெரியவரே என்கிற மாதிரி என்னை முசே என்று கூப்பிட்டுக் கேட்பார், "யார் வீட்டுக் கல்யாணம் முசே? இந்த ஆளு நேத்து ராத்திரி ஆட்டுக்கறி தின்னிருக்காரு." கேட்டுப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்! சீரம் சிவந்திருந்தால் அவர் கண் என் பக்கம் திரும்பும். "பெட்டிய மோட்டார் சைக்கிள்ல கொண்டாந்தீங்களா?" "ஆமா, பின்ன தலையிலயா சுமப்பேன்?" "தலையிலயே சுமங்க. உங்க தலை அந்த ரோட்டவிட நல்லா இருக்கு." அன்றிலிருந்து கடைசி மூன்று கிலோமீட்டர் நான் பெட்டியோடு நடந்துதான் வந்தேன். வெயிலில் திட்டிக்கொண்டே நடந்தேன். ஆனால் நடந்தேன்.

தலைமையிடத்திலிருந்து ஒருமுறை ஒரு யோசனை வந்தது. டாக்டர், கோபித்துக்கொள்ளாதீர்கள், அது உங்களுடைய யோசனைதான். மாடு அறுக்கும் இடத்தில் ரத்தம் பீப்பாய் பீப்பாயாய்க் கிடைக்கிறது, அதிலிருந்து சீரம் எடுத்தால் ஆள் தேடி அலைய வேண்டாம் என்றீர்கள். கைன்சா மறுக்கவில்லை. ஒரு வாளி எடுத்து வரச் சொன்னார். செய்து பார்த்தார். ஒரே புரதம், இரண்டு மெஷினில் இரண்டு கணக்குக் காட்டியது. மெஷினில் ஊற்றுகிற சாயம் மாட்டுப் புரதத்தோடு ஒட்டுவது வேறு மாதிரி, மனிதப் புரதத்தோடு ஒட்டுவது வேறு மாதிரி. அந்தத் தாளை உங்கள் மேசையில் வைத்து அவர் என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? "நம்ம நோயாளிங்க மாடு இல்லையே டாக்டர்." நீங்கள் சிரித்துவிட்டீர்கள். சிரித்துக்கொண்டே அந்த யோசனையைக் கைவிட்டீர்கள். அதற்காக உங்கள்மீது எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் நான் சிரித்துக் கைவிடுகிறவன் இல்லை. எனக்கும் அவருக்கும் நடந்ததைச் சொல்கிறேன்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு இம்பாலு ஆண்டு, நம் சுன்னத்துத் திருவிழா ஆண்டு. ஆகஸ்ட் மாதம். மலை முழுக்கக் கொட்டு. கைன்சா ஒரு வாரம் கம்பாலாவில் கூட்டத்தில் இருந்தார். அந்த நேரம் பார்த்துச் சீரத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் யோசித்தேன். சுன்னத்துக்கு நிற்கிற பையன்களோடு அவர்களுடைய அண்ணன்மாரும் தோழர்களும் ஊர் ஊராக ஆடி வருகிறார்களே, இந்த மலையில் அவர்களைவிடத் திடமான உடம்பு யாருக்கு இருக்கிறது? தொடையில் மணி கட்டியபடியே முப்பத்தெட்டுப் பேரை அழைத்துவந்தேன். வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். ஊசி குத்தும்போது ஒருவன் முகம் சுளிக்கவில்லை. முப்பத்தெட்டுப் பை! அத்தனையும் கண்ணாடிபோலத் தெளிவு. செய்தித்தாள் என்ன, பைபிளின் பொடி எழுத்தையே அதன் வழியாகப் படிக்கலாம்.

கைன்சா திரும்பி வந்தார். "பாருங்க முசாவோ, இதவிட நல்ல ரத்தம் உகாண்டாவுலயே கிடையாது" என்றேன். அவர் ஒவ்வொரு பையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தனித்தனியாக ஓட்டினார். மாலையில் என்னைக் கூப்பிட்டார்.

"முசே, இவங்க எத்தனை நாளா ஆடுறாங்க?"

"மூணு நாளா."

"அதான். சதையிலேருந்து கசியிற சத்து ரத்தத்துல எட்டு மடங்கு, பத்து மடங்கு இருக்கு. இத எப்படி நார்மல் கண்ட்ரோல்னு அனுப்புறது?"

"பையன்க நல்லா இருக்காங்கம்மா! யானை மாதிரி இருக்காங்க!"

"பையன்க நல்லாத்தான் இருக்காங்க. சீரம்தான் ஆகாது."

அந்தச் சத்து உறைபெட்டியில் நிலைத்து நிற்காது. ஜனவரியில் ஒரு கணக்குக் காட்டும், ஜூனில் வேறு கணக்கு. அப்போது மெஷின் கெட்டதா, சீரம் கெட்டதா? பூடூடா மலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன் யாரைப் போய்க் கேட்பார்? இதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. முப்பத்தெட்டுப் பையையும் எரிஉலைக்கு அனுப்பினார். என்னைக் கேட்கவில்லை. என் கண்ணெதிரே அனுப்பினார்.

அடுத்த நாள் சந்தையில் பேச்சுக் கிளம்பிவிட்டது. முப்பத்தெட்டுப் பையன்களின் ரத்தத்தை ஆஸ்பத்திரி கொட்டிவிட்டதாம்! என்ன நோயாம்? இம்பாலு நேரத்தில் ஒரு ஆண்மகனின் ரத்தத்தைப் பற்றி இப்படிப் பேசினால் அவன் எங்கே போய் முகம் காட்டுவான்? ஒருவனுக்குப் பேசி வைத்த பெண் வீட்டில் மழுப்பினார்கள். என் தங்கை என் வாசலில் வந்து நின்று கத்தினாள், "எம் புள்ளைங்க ரத்தத்த எடுத்துக் கொட்டுறதுக்கா கூட்டிட்டுப் போனே?"

அப்போது கைன்சா என்ன செய்தார் தெரியுமா? அலுவலக ஜீப் கிடைக்கவில்லை. வனாலே மலைமேல் நடந்து போனார். ஆட்டத்தின் நடுவில் கொட்டு முழக்கத்தை நிறுத்தச் சொன்னார். இம்பாலு முழக்கத்தை நிறுத்தச் சொன்ன பெண்ணை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இந்தப் பசங்க ரத்தத்துல ஒரு குத்தமும் இல்ல. மூணு நாளா ராவும் பகலும் ஆடுனா எங்கப்பா ரத்தமும் இப்படித்தான் இருக்கும். ஆட்டம் முடியட்டும். பத்து நாள் நல்லாத் தூங்கட்டும். குடிக்காம வரட்டும். நானே எடுக்குறேன். அத முப்பத்தாறு ஊருக்கும் அனுப்புறேன்." கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "பத்து நாள் குடிக்காமலா? அப்ப ரத்தமே ஊறாதேம்மா!" என்றார். மலையே சிரித்தது. மறுபடி கொட்டு முழங்கியது.

இருபத்தொன்பது பேர் திரும்பி வந்தார்கள். அந்தச் சீரம் பதினான்கு மாதம் ஓடியது. நாங்கள் செய்ததிலேயே சிறந்தது அதுதான்.

இதைக் கேட்டு நீங்கள் நெகிழ்கிறீர்கள். நான் நெகிழவில்லை. பையன்களின் மானத்தைக் காப்பாற்ற மலையேறியவர், என்னிடம் ஒரு வார்த்தை முதலில் சொல்லியிருக்கலாமே? எரிஉலைக்கு அனுப்பும் முன்னால், "முசே, வாங்க, சேந்து பாப்போம்" என்று சொல்லியிருக்கலாமே? அந்தக் கோபம் என்னிடம் பதினொரு ஆண்டுகள் இருந்தது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், அந்தக் கோபம்தான் இப்போது ஒரு காரியத்தைச் செய்துவிட்டது.

இன்று கூட்டம் தொடங்கியதும் டாக்டர் ஓர் அறிவிப்புச் செய்தார். நாற்பத்தோராவது தொகுதிச் சீரத்துக்குக் "கைன்சா" என்று பெயர் வைக்கப்போகிறார்கள். திங்கட்கிழமை வண்டிகள் புறப்படும். முப்பத்தாறு ஆய்வகத்திலும் ஒவ்வொரு காலையிலும் அவர் பெயர் எழுதிய குப்பியைத் திறப்பார்கள். இதைவிட நல்ல நினைவுச் சின்னம் உண்டா? நீங்கள் கைதட்டினீர்கள். முடோன்யி அழுதாள். நானும் கைதட்டினேன். கைதட்டிய கை இன்னும் எரிகிறது.

அந்தச் சீரம் போகக் கூடாது.

டாக்டர், நீங்கள் கையைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. நான் இன்னும் முடிக்கவில்லை. உட்காருங்கள்.

அந்தத் தொகுதிக்கு முப்பத்திரண்டு பேரிடம் ரத்தம் எடுத்தோம். கைன்சாவின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். முதல் நாள் பரிசோதித்துச் சுத்தம் என்று வந்தால் மட்டும் போதாது. கல்லீரல் நோய்க்கிருமியும் எச்.ஐ.வி.யும் உடம்பில் புதிதாய்ப் புகுந்திருந்தால் முதல் சில வாரம் பரிசோதனையில் தெரியாது. அதனால் பையைத் தனியே உறைய வைத்துவிட்டு, கொடுத்தவரை மறுபடி வரச் சொல்வார். இரண்டாவது தடவையும் சுத்தம் என்று வந்த சீட்டைப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பை மற்றவற்றோடு சேரும். சேர்த்து ஊற்றிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

முப்பத்தோரு பேர் திரும்பி வந்தார்கள். பத்தொன்பதாம் பைக்காரர் வரவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர். போன் போட்டேன். "முசே, நான் எல்லையில இருக்கேன், இங்க சவாரி நல்லா ஓடுது. எனக்கு ஒரு நோவும் இல்ல, ஊத்துங்க, ஊத்துங்க" என்றார்.

அதற்குள் கைன்சா கட்டிலில் விழுந்துவிட்டார். கணையத்தில் கட்டி. தலைமையிடத்திலிருந்து நாளைக்கு இரண்டு முறை கேட்டார்கள், எப்போது தயார், எப்போது தயார் என்று. கேட்டவர்மீது நான் பழி போடவில்லை. கையிருப்புக் குறைந்துகொண்டே வந்தது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் பத்தொன்பதாம் பையை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியை ஊற்றியிருக்கலாம். ஒரு பை குறைந்தால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. நான் ஒதுக்கவில்லை. அந்தப் பை நல்ல பை, பொன்போலத் தெளிவு. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முப்பத்தெட்டுப் பையை என்னைக் கேட்காமல் எரித்தவர் ஞாபகத்துக்கு வந்தார். எனக்கும் பார்க்கத் தெரியும், எனக்கும் பொறுக்கத் தெரியும் என்று வாய்விட்டே சொன்னேன். ஊற்றினேன்.

ஆமாம். நான்தான் ஊற்றினேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

அவருடைய கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மலேவாக் குழம்பு, நம் மூங்கில் குருத்துக் குழம்பு, கொண்டுபோயிருந்தேன். மூடியைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார், அவ்வளவுதான் முடிந்தது. பிறகு கேட்டார்.

"பத்தொம்போது வந்தானா?"

"வந்தான்."

"முடிவு?"

"சுத்தம்."

என் முகத்தைப் பார்த்தார். "நல்லது. சீட்டு எங்க?"

"ஆபீஸ்ல இருக்கு."

"கொண்டாங்க முசே. இங்கயே கையெழுத்துப் போடுறேன். எந்திரிக்கத்தான் முடியல, கை எழுதும்."

நான் மறுபடி போகவில்லை. நான்கு நாள் போகவில்லை. முதுகு வலி என்று சொல்லி அனுப்பினேன். முடோன்யி, உன் அம்மா இரண்டு முறை உன்னிடம் கேட்டாராமே, "முசே வந்தாரா?" என்று? என்மேல் பாசம் என்று நீ நினைத்தாய், எனக்கு நன்றியும் சொன்னாய். அவர் கேட்டது அந்தச் சீட்டை, மகளே. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

கையெழுத்துப் போடும் முன்னால் மரணம் வந்துவிட்டது என்று இங்கே ஒருவர் சொன்னார். அது உண்மையில்லை. அவருக்குக் கை இருந்தது, பேனா இருந்தது, நினைவு இருந்தது. சீட்டு இல்லாததால் அவர் போடவில்லை. போடாத கையெழுத்தை அவர் பெயரில் நாம் குப்பியின்மீது ஒட்டப்போகிறோமா? நானும் பொய் சொல்லி, குப்பியும் பொய் சொல்ல வேண்டுமா?

சேர்த்து ஊற்றிய சீரத்தை மறுபடி பரிசோதித்துவிட்டோம், சுத்தம் என்று வந்தது என்பார்கள். முப்பத்திரண்டில் ஒரு பங்காய் நீர்த்துப்போனால் கொஞ்சமாய் இருப்பது தெரியாமல் போகலாம். பத்தொன்பதாம் ஆள் நல்ல திடமாகத்தான் இருக்கிறான் என்பார்கள். இருக்கலாம். அந்தச் சீரத்தில் ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். ஆனால் முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்களே தோழர்களே, நீங்கள் சொல்லுங்கள். கையுறை தீர்ந்துபோன நாளில் என்ன செய்கிறீர்கள்? வெறுங்கையால்தானே குப்பியைத் திறக்கிறீர்கள்? நகக்கண்ணில் வெட்டு இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? கைன்சா பார்த்தார். உங்கள் முகம் தெரியாவிட்டாலும் உங்கள் விரலைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பையையும் பொறுக்கினார். இப்போது நீங்கள் ஏன் கைதட்டவில்லை? தட்ட வேண்டாம். எனக்கு அது வேண்டியதில்லை.

அப்படியானால் திங்கட்கிழமை என்ன செய்வது என்று டாக்டர் கேட்பார். நியாயமான கேள்வி. நேற்று இரவே எண்ணிப் பார்த்துவிட்டேன். நாற்பதாம் தொகுதியில் உறைபெட்டியின் அடித்தட்டில் இன்னும் இரண்டாயிரத்து நூறு குப்பி இருக்கிறது. ஆய்வகத்துக்கு ஐம்பத்தெட்டு வரும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஓட்டுவதை நிறுத்தி, காலையில் மட்டும் ஓட்டினால் எட்டு வாரம் தாங்கும். மெஷின்மேல் சந்தேகம் வந்தால் மாலையில் வேலையை நிறுத்துங்கள். கஷ்டம்தான். எட்டு வாரம் கஷ்டப்படுங்கள்.

நாற்பத்தோராம் தொகுதியை நாளைக் காலை எட்டு மணிக்கு எரிஉலைக்கு எடுத்துப்போகிறேன். பதிவேட்டில் காரணத்தை நேற்றே எழுதிவிட்டேன். என் பெயரோடு எழுதியிருக்கிறேன். டாக்டர் என்னை வேலையிலிருந்து அனுப்ப நினைத்தால் எட்டரை மணிக்கு அனுப்பட்டும். எட்டு மணிக்கு முன்னால் வேண்டாம். உதவியாளர் என்று போட்டிருக்கிறீர்களே, உதவியாளனை அனுப்புவது சுலபம்தான்.

முடோன்யி, உன் அம்மாவின் பெயரைக் குப்பியிலிருந்து எடுத்துவிட்டேன் என்று என்மேல் கோபம் இருந்தால், அந்தக் கோபத்தை வைத்துக்கொள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இங்கே இல்லை. அவர் இருந்திருந்தாலும் மன்னித்திருக்க மாட்டார். "சீட்டு எங்க?" என்றுதான் மறுபடியும் கேட்டிருப்பார்.

இனி உறுதிமொழி. இப்படிப்பட்ட கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்வது வழக்கம். எழுந்து நிற்க வேண்டாம். இந்தச் சபையில் இருநூறு பேர் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் கை இருக்கிறது, கையில் நரம்பு இருக்கிறது. வெளியே போகும்போது இப்போதே கொடுக்கிறேன் என்று சிலர் சொல்வீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. இன்றைக்கு உங்கள் ரத்தம் வேண்டாம். இரண்டு நாளாய்த் தூக்கமில்லை உங்களுக்கு. துக்க வீட்டில் மாட்டுக்கறி சாப்பிட்டிருக்கிறீர்கள். பந்தல் கால் சுமந்திருக்கிறீர்கள், குழி வெட்டியிருக்கிறீர்கள். உங்கள் ரத்தத்தை இன்றைக்கு ஊசியில் எடுத்தால் கைன்சா என்னைத் திட்டுவார்.

வீட்டுக்குப் போங்கள். தூங்குங்கள். குடிக்காதீர்கள். பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, வெறும் வயிற்றோடு நம் நிலையத்துக்கு வாருங்கள். வாசலில் நான் இருப்பேன்; நான் இல்லாவிட்டால் வேறு யாராவது இருப்பார்கள். பெயர் எழுதுவோம், எண் கொடுப்போம், ரத்தம் எடுப்போம், அன்றே பரிசோதிப்போம். எல்லாம் முடிந்து, நீங்கள் தேநீர் குடித்து, நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று மகிழ்ந்து வீடு போவீர்கள்.

அது பாதி வேலைதான். ஆறு வாரம் கழித்து மறுபடி வாருங்கள். மழையோ, அறுவடையோ, எல்லையில் நல்ல சவாரியோ, எது இருந்தாலும் வாருங்கள். வராதவருடைய பையை நான் ஊற்ற மாட்டேன்.